வயதானவர்களுக்கு முழு மயக்கம்: மூளையும் ஞாபகமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் பயம் இதயத்தைப் பற்றியது. அடுத்த பயம் மூளையைப் பற்றியது: "மயக்க மருந்து கொடுத்தால் ஞாபகம் போய்விடுமாமே?" இந்தப் பக்கம் அந்த இரண்டாவது பயத்துக்காக. படிப்பவர் மகனாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். நோயாளியே படித்தால் இன்னும் நல்லது.

முழு மயக்கம் கொடுத்தால் வயதானவர்களின் மூளை கெட்டுப்போகுமா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மருந்து உடலைவிட்டு வெளியேறியதும் மூளை தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. அதற்காக 'ஒன்றுமே ஆகாது' என்றும் சொல்ல முடியாது. வயதானவர்களில் கணிசமானோர் ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குக் குழம்பிப்போகிறார்கள். சிலருக்கு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், யோசனை மந்தமாக இருக்கிறது. ஒரு சிறு பகுதியினர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

இதில் மயக்க மருந்தின் பங்கு எவ்வளவு, ஆபரேஷன் உடலுக்குக் கொடுக்கும் அடியின் பங்கு எவ்வளவு, மூளைக்குள் முன்பே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த தேய்மானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக முயன்றுவருகிறார்கள். வந்திருக்கும் முடிவுகளைப் பார்த்து எனக்குத் தோன்றுவது இதுதான்: குடும்பங்கள் மருந்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகின்றன. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வாரத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை. அந்த வாரத்தில்தான் குடும்பத்தால் செய்ய முடிந்த காரியம் நிறைய இருக்கிறது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே மாறிவிட்டார்" என்று பலர் சொல்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. இந்தப் புகார் மிகப் பழையது. பாஸ்டன் நகரில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து முதன்முதலாகப் பொதுவில் ஆபரேஷன் செய்துகாட்டியது 1846 அக்டோபர் 16ஆம் தேதி. சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1887இல், ஜார்ஜ் சாவேஜ் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் மயக்க மருந்துக்குப் பிறகு புத்தி பேதலித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1955இல் பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர், ஆபரேஷன் செய்துகொண்ட 50 வயதுக்கு மேற்பட்ட 1193 பேரை ஆராய்ந்தார். வயதானவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் செய்யுங்கள் என்பது அவர் சொன்ன முடிவு.

ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு 1998இல்தான் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 1218 பேருக்கு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஞாபகம், கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சுமார் 26 சதவீதம் பேரிடம் சரிவு தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அது சுமார் 10 சதவீதமாகக் குறைந்தது. ஆபரேஷனே செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் இரண்டு முறையும் அது 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆக, சரிவு உண்மை. அது பெரும்பாலும் மீண்டுவிடுகிறது என்பதும் உண்மை. ஆபரேஷன் சமயத்தில் ஆக்சிஜன் குறைந்ததோ ரத்த அழுத்தம் இறங்கியதோ இதற்குக் காரணமாக இருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். இரண்டுக்கும் இந்தச் சரிவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அதிக வயது, நீண்ட நேர மயக்கம், குறைந்த படிப்பு, பின்னால் வந்த தொற்று, இரண்டாவது ஆபரேஷன் ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "அதுவரை நன்றாகத்தானே இருந்தார்" என்று சொல்லும் வீடுகளில், கொஞ்சம் நிதானமாகப் பேசினால், ஒரு வருடமாகவே கணக்கு வழக்கை மகன் பார்த்துக்கொண்டது, மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் வெளியே வரும். ஆபரேஷன் நடந்த தேதி மனதில் அழுத்தமாகப் பதிகிறது. மெல்ல வந்த மாற்றத்துக்குத் தேதி கிடையாது.

குழப்பம், ஞாபக மந்தம், மறதி நோய், எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆபரேஷனாகி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். வந்து வந்து போகும், காலையில் தெளிவாகவும் ராத்திரியில் மோசமாகவும் இருக்கும். அடுத்தது, வீட்டுக்கு வந்த பிறகு தெரியும் மந்தம்: செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கவனம் சிதறுவது, தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நிற்பது. 2018இல் நிபுணர்கள் கூடிப் புதிய பெயரிடும் முறை ஒன்றை வகுத்தார்கள். முதல் 30 நாட்களுக்குள் தெரியும் மந்தத்தைத் 'தாமதமாகும் மீட்சி' என்ற கணக்கில் வைத்தார்கள். அதைத் தாண்டி 12 மாதம் வரை நீடித்தால்தான் ஆபரேஷனுக்குப் பிந்தைய அறிவாற்றல் கோளாறு. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இவற்றிலிருந்து வேறு. அது வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். சமைப்பது, பணம் எண்ணுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளையே பாதிக்கும்.

டெலிரியம் வந்தால் பார்க்க எப்படி இருக்கும்?

ஆபரேஷன் அன்று மாலை நன்றாகப் பேசியிருப்பார். பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டிருப்பார். மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். கையிலிருக்கும் ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார். சலைன் மாட்டிய கம்பியை யாரோ நிற்பதாக நினைத்து அதட்டுவார். மகளை அக்கா என்று கூப்பிடுவார். காலையில் நர்ஸ் வந்து கேட்டால் பாதிக்குப் பாதி சரியாகப் பதில் சொல்வார். குடும்பம் ஆடிப்போய் உட்கார்ந்திருக்கும்.

இது எல்லாருக்கும் தெரிகிற வகை. வயதானவர்களிடம் அடிக்கடி வருவது இன்னொரு வகை. சத்தமே இருக்காது. கண்ணை மூடிக் கிடப்பார். கேட்ட கேள்விக்கு ரொம்ப நேரம் கழித்து ஒரு சொல்லில் பதில் வரும். ஊட்டிய சோறு விழுங்கப்படாமல் வாயிலேயே இருக்கும். யார் வந்தாலும் போனாலும் கவனிக்க மாட்டார். "நல்லா தூங்குறார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். இந்த அமைதியான டெலிரியம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது. தொந்தரவு தராததால் டாக்டரிடம் யாரும் சொல்வதும் இல்லை.

1990இல் ஷாரன் இனூயி என்ற அமெரிக்க முதியோர் நல மருத்துவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய சோதனை முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் சாரம் இது: மாற்றம் திடீரென வந்து ஏறி இறங்க வேண்டும், கவனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமல் போக வேண்டும், இவற்றோடு, பேச்சு தாறுமாறாக இருக்க வேண்டும் அல்லது விழிப்பு நிலை இயல்பாக இல்லாதிருக்க வேண்டும். வீட்டு ஆளாக நீங்கள் ஒன்று செய்யலாம். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. நேற்றுவரை சொல்லக்கூடியவர் இன்று பாதியில் வழி தவறினால், உடனே வார்டில் சொல்லுங்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

ஆபரேஷனைப் பொறுத்தது. முன்கூட்டித் திட்டமிட்ட பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளும் முதியவர்களில் சுமார் 15 முதல் 25 சதவீதம். இடுப்பு எலும்பு முறிவு, இதய ஆபரேஷன் போன்றவற்றில் சில ஆய்வுகளில் பாதிப் பேர் வரை. கண்புரை மாதிரிச் சின்ன ஆபரேஷனில், அதுவும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து செய்தால், இது அரிது.

வயதான மூளைக்கு மட்டும் ஏன் இப்படி?

ப்ரொபொஃபால், செவோஃப்ளுரேன் போன்ற மயக்க மருந்துகள் மூளையில் காபா என்ற அடக்கும் ரசாயனத்தின் வேலையைத் தூக்கிவிடுகின்றன. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது குறைகிறது, நினைவு பதிவது நிற்கிறது. வயது ஏற ஏற இதற்குத் தேவைப்படும் அளவு குறைகிறது. முகர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்துகளில் 40 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் வீதம் குறைகிறது என்பது மயக்கவியலில் வழக்கமான கணக்கு. 80 வயதுக்காரருக்கு 40 வயதுக்காரரின் அளவைக் கொடுத்தால் அது அளவுக்கு மீறிய ஆழம். கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் மருந்து வெளியேறவும் நேரம் பிடிக்கும்.

இது ஒரு பக்கம். மூளையின் சேமிப்பு இன்னொரு பக்கம். வயதாக ஆக நரம்புத் தொடர்புகள் குறைகின்றன, கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிடைல்கோலின் என்ற ரசாயனமும் குறைகிறது. வங்கியில் இருப்பு குறைந்திருந்தாலும் மாதச் செலவு ஓடிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் தெரியாது. பெரிய செலவு ஒன்று வந்தால்தான் தெரியும். ஆபரேஷன் அப்படி ஒரு பெரிய செலவு.

மூன்றாவதாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அழற்சி. கத்தி பட்ட இடத்தில் திசு காயமடைந்ததும் உடல் முழுக்க எச்சரிக்கை ரசாயனங்கள் ரத்தத்தில் பாய்கின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு வயதில் கொஞ்சம் கசியத் தொடங்கியிருக்கும். அந்தக் கசிவு வழியே அழற்சியின் தாக்கம் மூளைக்குள் போய், அங்கிருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களை உசுப்பிவிடுகிறது. மயக்க மருந்து துளியும் இல்லாமல், நிமோனியாவிலோ சிறுநீர்த் தொற்றிலோ படுத்த முதியவருக்கும் இதே டெலிரியம் வருவது இதனால்தான்.

அப்படியானால் முழு மயக்கம் வேண்டாம், முதுகு ஊசி போதும் என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் மூளையைக் காப்பாற்றும் என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்க வேண்டாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் குழப்பம் வராது என்று டாக்டர்களே பலர் வெகுநாள் நம்பினார்கள். நம்புவதற்கு நியாயமும் இருந்தது.

2021இல் வெளிவந்த ரீகெய்ன் என்ற ஆய்வில், இடுப்பு எலும்பு முறிந்த 1600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். முதுகு ஊசிக் குழுவில் 20.5 சதவீதம் பேருக்கும் முழு மயக்கக் குழுவில் 19.7 சதவீதம் பேருக்கும் டெலிரியம் வந்தது. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ராகா ஆய்விலும் வித்தியாசம் இல்லை: மரக்கச் செய்த குழுவில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1 சதவீதம்.

மருந்துதான் முழுக் காரணம் என்றால் இந்த எண்கள் இப்படி ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. எனவே எந்த முறை என்பதை இதயம், நுரையீரல், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஆபரேஷனின் தன்மை இவற்றைப் பார்த்து மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்யட்டும். முதுகு ஊசி என்றால், கூடவே தூங்க வைக்கும் மருந்து கொடுப்பீர்களா, எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அது தாராளமாகப் போனால் முதுகு ஊசியால் வரக்கூடிய நன்மை கரைந்துவிடும்.

மயக்கத்தின் ஆழத்தைக் குறைத்தால் நல்லதா?

நெற்றியில் பட்டைகளை ஒட்டி மூளை அலைகளைப் பார்த்துக்கொண்டே மருந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2019இல் 60 வயதுக்கு மேற்பட்ட 1232 பேரிடம் நடந்த ஆய்வில், அலையைப் பார்த்துக் கொடுத்த குழுவில் 26 சதவீதம், வழக்கமான குழுவில் 23 சதவீதம் என்று டெலிரியம் வந்தது, அதாவது பயனில்லை. 2021இல் வெளியான இன்னொரு ஆய்வில், லேசான மயக்கத்தில் 19 சதவீதம், ஆழ்ந்த மயக்கத்தில் 28 சதவீதம். தேவைக்கு மேல் ஆழமாக்காமல் இருப்பது நல்ல பழக்கம் என்பதே என் எண்ணம். அந்தக் கருவி இல்லை என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

முழு மயக்கத்தால் அல்சைமர் வருமா?

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் அமிலாய்ட் புரதம் கூடுவதும், மயக்கத்தில் உடல் குளிர்ந்தால் டௌ என்ற புரதம் மாறுவதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கின்றன. இரண்டும் அல்சைமர் நோயோடு தொடர்புள்ளவை.

மனிதர்களிடம் பார்த்தபோது கதை வேறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் மறதி நோய் வந்த 877 பேரை, வராத அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். 45 வயதுக்குப் பிறகு முழு மயக்கம் எடுத்துக்கொண்டதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு கிடைக்கவில்லை. டென்மார்க்கில் 8503 இரட்டையர்களைப் பார்த்தார்கள். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் செய்துகொள்ளாதவருக்கும் இருந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தகாத அளவு சிறியது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் ஒருபடி மேலாகவே இருந்தார்கள். வலி போய் நடக்க ஆரம்பிப்பது மூளைக்கும் நல்லதுதானே.

எனக்கு மிகப் பிடித்த ஒப்பீடு 2019இல் வந்த பிரிட்டன் ஆய்விலிருந்து. அங்கே 7532 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து சோதித்துவந்தார்கள். பெரிய ஆபரேஷனால் வந்த கூடுதல் சரிவு, சராசரியாக, ஐந்து மாதத்துக்கும் குறைவாக வயதாவதற்குச் சமம். ஆபரேஷன் இல்லாமல் வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்ததால் வந்தது 1.4 வருடத்துக்குச் சமம். பக்கவாதத்தால் வந்தது 13 வருடம்.

இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. சராசரிக்குள் சிலர் அதிகம் சரிகிறார்கள். ஆபரேஷன் சமயத்தில் வெளியே தெரியாமல் வரும் சிறு பக்கவாதம் அதற்கு ஒரு காரணம். 65 வயதுக்கு மேற்பட்ட 1114 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது 7 சதவீதம் பேரிடம் அது இருந்தது. ஒரு வருடம் கழித்து அவர்களில் 42 சதவீதம் பேரிடம் அறிவாற்றல் சரிவு. மற்றவர்களிடம் 29 சதவீதம்.

இதய ஆபரேஷன் செய்துகொண்டால் ஞாபகம் குறையும் என்கிறார்களே?

2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஐந்து வருடம் கழித்து 42 சதவீதம் பேரிடம் சரிவு தெரிந்தது. அது பெரும் பீதியைக் கிளப்பியது. அதில் ஆபரேஷன் செய்துகொள்ளாத இதய நோயாளிகளின் ஒப்பீடு இல்லை. பிறகு அப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது, பைபாஸ் இல்லாத இதய நோயாளிகளும் ஏறத்தாழ அதே மாதிரிதான் சரிந்தார்கள். இதயத்தின் ரத்தக்குழாயைக் கெடுத்த அதே நோய் மூளையின் ரத்தக்குழாயையும் விடுவதில்லை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரக் குழப்பம் மற்ற ஆபரேஷன்களைவிட அதிகம் என்பது நிஜம். அதற்குத் தயாராக இருங்கள்.

அம்மாவுக்கு ஏற்கெனவே லேசான மறதி இருக்கிறது. ஆபரேஷன் செய்யலாமா?

டெலிரியம் வரும் ஆபத்து இவர்களுக்குத்தான் மிக அதிகம். எனவே தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால், அது தரும் பலன் என்ன, செய்யாவிட்டால் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று சர்ஜனிடம் உட்கார்ந்து பேசுங்கள். இடுப்பு எலும்பு முறிவில் அப்படித் தள்ளிப்போட வழியில்லை. வலியோடு படுக்கையில் கிடப்பதே மூளையைக் குழப்பும். ஓரிரு நாட்களுக்குள் ஆபரேஷன் நடப்பதுதான் நல்லது.

மறதி இருக்கிறதா என்பதே தெரியாத வீடுகளில் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு சிறு சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள். ஒரு வட்டம் வரைந்து கடிகார எண்களைப் போட்டு, சொல்லும் நேரத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். பிறகு அந்த மூன்று சொற்களைக் கேட்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்த கடிகாரத்தைப் பார்க்கும்போது பிள்ளைகள் அதிர்ந்துபோவதுண்டு. முன்பே தெரிந்துகொள்வதால் நன்மைதான். பின்னால் வரும் குழப்பத்தை எதோடு ஒப்பிடுவது என்று அப்போது தெரியும்.

மயக்க மருந்து டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோங்கள். குறிப்பாகத் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்கான மாத்திரை. டையஜெபம், லொராஜெபம் வகையும், அசிடைல்கோலினை அடக்கும் வகையும் முதியவர்களைக் குழப்புவதில் பேர்போனவை. அதற்காகப் பல வருடம் சாப்பிட்டுவந்த தூக்க மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அதுவே டெலிரியத்தைக் கொண்டுவரும்.

குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மானம் கருதி மறைப்பது இதைத்தான். தினம் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று நிறுத்தும்போது இரண்டு மூன்று நாளில் வரும் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் தடுக்கலாம்.

முன்பு எப்போதாவது காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ பிதற்றினாரா, காது கேட்குமா, குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்பதையும் சொல்லுங்கள். எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெளிந்த நீரை ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிக்கலாம் என்பது இன்றைய வழிமுறை. முந்தைய இரவிலிருந்தே வாய் வறளக் கிடப்பது முதியவர்களுக்கு நல்லதல்ல. சிலருக்கு விதிவிலக்கு உண்டு, எனவே உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

ஆபரேஷனுக்குப் பிறகு குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

டெலிரியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தடுக்கக்கூடியது என்று முதியோர் நல மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். தடுப்பது பெரும்பாலும் விலை உயர்ந்த மருந்தல்ல. முன்னே சொன்ன ஷாரன் இனூயி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். இவர்கள் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் அல்ல, பொது மருத்துவ வார்டில் இருந்தவர்கள். ஒரு குழுவுக்கு நேரம், இடம் நினைவூட்டுவது, நடக்க வைப்பது, தூங்கவிடுவது, கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டுவது, தண்ணீர் குடிக்க வைப்பது ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களைத் தினமும் முதியோர் நல மருத்துவர் வந்து பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில் அது 50 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக இறங்கியது.

எனவே கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் ஒரு டப்பாவில் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதுதான் வழக்கம்; அது தவறு. மங்கலாகத் தெரியும் கண்ணுக்குத்தான் சலைன் கம்பி மனிதனாகத் தெரிகிறது. பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள், ராத்திரி விளக்கையும் பேச்சையும் குறையுங்கள். தூங்கும்போது மாத்திரைக்கும் பிபிக்கும் எழுப்புவதைச் சேர்த்து ஒரே முறையாக்க முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

வலியை அடக்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். அடங்காத வலியே குழப்பத்தைக் கொண்டுவரும். வலி மருந்து அதிகமானாலும் வரும். அதனால் பாராசிட்டமால் போன்றவற்றை வேளாவேளைக்குக் கொடுத்து, மார்ஃபின் வகையைக் குறைந்த அளவில் வைப்பது பலருக்குப் பொருந்தும். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள். டாக்டர் அனுமதித்த முதல் நாளிலேயே உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். முதல் மூன்று ராத்திரிகள் மிக முக்கியம். பத்துப் பேர் வந்து நின்று பேசுவதைவிட ஒரே ஆள் அமைதியாக உட்கார்ந்திருப்பது மேல்.

குழப்பம் வந்தேவிட்டது. இப்போது?

முதலில், புதிதாக என்ன கெட்டிருக்கிறது என்று டாக்டர் தேட வேண்டும்: தொற்று, ஆக்சிஜன் குறைவு, சோடியம், சர்க்கரை, சிறுநீர் தேங்கியது, புதிதாகச் சேர்த்த மருந்து. முகம் கோணியிருந்தாலோ, ஒரு கை கால் ஓய்ந்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அவரோடு வாதாடாதீர்கள். "இங்கே யாரும் இல்லை, உளறாதே" என்றால் பயம்தான் கூடும். "நான் இருக்கிறேன் அப்பா, ஆஸ்பத்திரியில் இருக்கீங்க, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு" என்று மெதுவாக, எத்தனை முறை கேட்டாலும் அதே குரலில் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போடுவது குழப்பத்தை மோசமாக்கும். தூங்க வைக்க ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவு போனால் மட்டும், குறைந்த அளவில், டாக்டர் கொடுப்பார்.

தெளிந்த பிறகு பலருக்கு அந்த ராத்திரிகள் துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். வெட்கப்படுவார்கள். திட்டியதையும் அடித்ததையும் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லிக் காட்டாதீர்கள்.

எப்போது பழையபடி ஆவார்?

டெலிரியம் பெரும்பாலும் சில நாட்களில் விலகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். ஆனால் அதை 'வந்தது, போனது' என்று விட்டுவிட முடியாது. 2012இல் வெளியான ஆய்வில், இதய ஆபரேஷனுக்குப் பிறகு டெலிரியம் வந்தவர்களில் 40 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் தங்கள் பழைய நிலைக்கு வரவில்லை. டெலிரியம் வராதவர்களிடம் அது 24 சதவீதம். டெலிரியமே சேதம் செய்கிறதா, அல்லது பலவீனமான மூளையை அது வெளிச்சம்போட்டுக் காட்டுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் பெரிய பணப் பரிவர்த்தனை, கையெழுத்து, வண்டி ஓட்டுவது எல்லாம் வேண்டாம். மாத்திரைகளை வேறு ஒருவர் எடுத்துக் கொடுங்கள். நடை, பேச்சு, பழகிய வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பட்டும். மூன்று மாதம் கழித்தும் மந்தம் குறையாமல் இருந்தால், அல்லது நல்லபடியாகித் திரும்பவும் சரிந்தால், நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடியவை முதலில் தேடப்படும்.

மறுபடியும் ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டால்?

செய்யலாம். ஒருமுறை டெலிரியம் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து மயக்க மருந்துக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த ராத்திரி குழப்பம் தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, அப்போது காய்ச்சல் இருந்ததா, எந்த மருந்து கொடுத்த பிறகு அதிகமானது என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். அதை ஆபரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் கொடுத்துப் பயனில்லை. சர்ஜனை முதலில் பார்க்கும் அன்றே கொடுத்து, மயக்க மருந்து டாக்டரையும் அதே வாரத்தில் பார்க்க நேரம் கேளுங்கள்.